சொன்ன பேச்சு கேட்காதவன்

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக ரேடியோவைப் போட்டேன். வீட்டில் ஏதாவது ஒரு குரல் வேண்டியிருக்கிறது. போட்டால், தம்பியைப் பற்றி விவாதம். அவன் குத்துச்சண்டையை விட்டுப் பல வருடமாகிறது. இவர்கள்தான் அவனை விடவில்லை. "அப்படி ஒரு ஹெவிவெயிட் நமக்கு இனிமே கிடைக்க மாட்டான், வீணாப்போயிட்டான்" என்றார் ஒருவர். குடி, அடிதடி, பயிற்சி முகாமிலிருந்து ஓடியது - எல்லாம் வந்தது. கடைசியில் அவனுடைய பழைய கோச். "பெரிய ஃபைட்ல கையைத் தூக்குடா, கையைத் தூக்குடான்னு தொண்டை கிழியக் கத்துறேன். திரும்பிக்கூடப் பாக்கல. சொன்ன பேச்சு கேக்காதவன் சார் அவன்!"

அணைத்துவிட்டேன்.

மார்ச் 5

நான் வேலை பார்க்கும் காது கிளினிக்கில் கூட்டம். ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" - மாலை வரை இதே பேச்சு. வீட்டுக்கு வந்தபின் வாய் திறக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி சாப்பிட வந்திருந்தான். அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கோச் பேசியதைச் சொன்னேன். பதிலே இல்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகு ஏதோ உறுத்தியது. அவன் பின்னால் போய், இடது காதருகே, "தட்டுல கரப்பான்பூச்சிடா" என்று கிசுகிசுத்தேன். மென்றுகொண்டே இருந்தான். வலது பக்கம் வந்து அதையே கிசுகிசுத்தேன். நாற்காலியோடு சாயப் பார்த்தான்.

"என்கிட்டயே டெஸ்டா? ஃபீஸ் எல்லாம் தர மாட்டேன்க்கா."

"எப்ப இருந்துடா?"

"பெரிய ஃபைட்டுக்கு முன்னாடியே இந்தக் காது போச்சு. அந்தக் கூச்சல்ல ஒத்தக் காது எதுக்காகும்? செவிடன்னு தெரிஞ்சா ரிங்குல ஏத்த மாட்டாங்க. திமிர் பிடிச்சவன்னா ஏத்துவாங்க."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும்போது மட்டும், "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. திமிருன்னே பேசட்டும். பாவம்னு மட்டும் பேசிடக் கூடாது."

மார்ச் 10

கோச் பொய் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லைதான்.

காது நன்றாக இருந்திருந்தால் சாம்பியன் ஆகியிருப்பானா? குடியும் அடிதடியும் காதாலா வந்தது? இல்லையே. கேட்டிருந்தாலும் கையைத் தூக்கியிருக்க மாட்டானோ என்னவோ. இதை யாரிடம் பேசுவது? பேசக்கூடிய ஒரே ஆள் அவன். அவனோ என் வாயைக் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 12, புதன்

டிவியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சனிக்கிழமை தம்பியைப் பற்றி நிகழ்ச்சியாம். "அவருக்கு அப்பவே உடம்புல ஏதோ குறை இருந்திருக்கும்னு ஒரு டாக்டர் பேசப்போறார் மேடம். பாவம்ல? நீங்க அக்கா, நீங்க வந்து சொன்னா ஊரே நம்பும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 13

போகப்போகிறேன். அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் கொழுப்பு, சின்ன வயதிலிருந்தே திமிர் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். கூடப் பிறந்தவளே இப்படியா என்று கிளினிக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டிவிக்காரப் பெண்ணுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். என்ன பேசப்போகிறேன் என்று அவனுக்குக்கூடத் தெரியாது.