தூங்கி எழுந்த பிறகு நடக்கட்டும், மாப்பிள்ளை

என் பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

பட்டுக்கோட்டையில் ஒரு லாட்ஜ் அறையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மகள் ரெஜினா கட்டிலில் தூங்குகிறாள். வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் காரைக்குடிக் கூட்டம் காலையிலேயே கிளம்பிவிட்டது. அவளை நான்தான் போகவிடவில்லை. "உங்க மூஞ்சியிலயே இனி முழிக்க மாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

நீங்கள் போய் ஒரு வருஷம். "இன்சுலின் போட்டுக்கிட்டு மாரத்தான் ஓடுன மனுசன், நடக்கையில போயிட்டாரே" என்று என் பெயிண்டுக் கடைக்கு வருகிறவர்கள் இன்னும் சொல்கிறார்கள். நான் திருத்துவேன். நடக்கையில் போகவில்லை. நடந்து முடித்துப் படுத்த இடத்தில் போனீர்கள்.

முன்னால் மாதா கொடி பிடித்து நடக்கிறவர் கடைசியில் படுத்து முதலில் எழவேண்டும் என்பது நம் கூட்டத்தில் ஒரு மரியாதை. எல்லார் காலுக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் நீங்கள் பாயை விரிப்பீர்கள். மற்றவர்கள் புரண்டு எழும்போது குளித்து நிற்பீர்கள். அந்த இடைவெளிக்குப் பெயர் தூக்கமா?

அன்றைக்கு ராத்திரி உங்கள் கையில் ஒட்டியிருந்த சென்சார், சர்க்கரை இறங்குகிறது என்று போனில் அலறியிருக்கிறது. மண்டபத்தில் களைத்துக் கிடந்த ஒருவர், "அண்ணே, அதைக் கொஞ்சம் அமத்துங்க. நாங்களும் காலையில நடக்கணும்ல" என்றாராம். "அமத்தியாச்சுப்பா, தூங்குங்க" என்று ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு போனையே அணைத்துவிட்டீர்கள். யார்மேல் கோபப்படுவது? கேட்டவரும் நல்ல மனிதர். நீங்களும் நல்ல மனிதர்.

டாக்டரிடம் பிறகு போய்க் கேட்டேன். கடை சாத்திய பிறகும் குடோனிலிருந்து சரக்கு போய்க்கொண்டே இருப்பதுபோல, நடை முடிந்து பல மணி நேரத்துக்குத் தசை சர்க்கரையை இழுக்குமாம். தூக்கம் கெட்டால் மறுநாள் சர்க்கரை சொன்ன பேச்சுக் கேட்காது. ஏறுவதும் இறங்குவதும் அதன் இஷ்டம். நடுக்கமும் வேர்வையும் வந்தால்கூட அலுப்பு என்று நினைத்துவிடுவோமாம். ஓடுகிறவர்களுக்குச் சாப்பாடும் ஊசியும் எப்படியோ, தூக்கமும் அப்படித்தான் என்றார். உங்களுக்கு இது தெரியாததா? ஓடுவதற்குப் படித்துப் படித்துப் பழகினீர்களே, படுப்பதற்கு ஏன் பழகவில்லை?

இந்த வருஷம் கொடி ரெஜினா கையில். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவளுக்கும் ஊசிதான், ஓட்டமும்தான். நேற்று உங்களைப் போலவே எல்லார் காலுக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கடைசியில் படுத்திருக்கிறாள். அவள் சென்சார் என் போனிலும் அலறும்படி வைத்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் அலறிக்கொண்டே இருந்தது. கடை வேனை எடுத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து ஓடிவந்தேன். காலையில் முகம் வெளுத்துப்போய்க் கொடியோடு நின்றாள்.

"கொடியைக் குடு. தூங்கிட்டு நட."

"விடியுமுன்ன கடைக்கு ஓடுறவுக எனக்குத் தூக்கம் சொல்றீகளோ?"

"எனக்குச் சர்க்கரை இல்ல. நான் வேளாங்கண்ணிக்கு நடக்கவும் போகல."

"அப்பாவுக்காக நடக்கிறேன் மாமா."

"அப்பா மாதிரி படுக்காத."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. போன வருஷம் அமத்தச் சொன்னவர்தான் வந்து கொடியை வாங்கிக்கொண்டார்.

என் தங்கைக்குப் போன் போட்டேன். உங்களுக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. "நடக்கட்டும்ணே. படுத்தா எந்திரிக்கணும். அது போதும்" என்று வைத்துவிட்டாள்.

எழுந்ததும் சர்க்கரை பார்த்து, சாப்பிட வைத்து, கூட்டம் இருக்கும் இடத்தில் வேனில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். நடுவில் நடக்காத தூரம் மாதாவுக்குக் குறையாகப் பட்டால் என்னைக் கேட்கட்டும். நாளைக்கும் சரியாகத் தூங்காவிட்டால் நாளைக்கும் நிறுத்துவேன். வேளாங்கண்ணி போய்ச் சேராவிட்டாலும் சரி. என்னை வெறுத்துக்கொண்டு அவள் வயசாகட்டும் மாப்பிள்ளை. இது என் வாக்கு.

இப்படிக்கு,
ரெஜினா பேசாமல் போனாலும் அவளுக்குத் தாய்மாமன்,
உங்கள் மச்சான்.