தாண்டிக்குடிக் காப்பியை அறிந்த நாக்கு

“ஏட்டி செண்பகம்” என்று என்னைக் கூப்பிட இனி வராத என் பிரிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. கோவில்பட்டியில் நம் காப்பித்தூள் கடை திறந்துதான் இருக்கிறது. உங்கள் நாற்காலியில் நான் உட்காருகிறேன். தம்பி ஒரு செல்போன் வாங்கித் தந்திருக்கிறான். மலையிலிருந்து கொட்டை கொண்டுவரும் தரகர் இப்போது அதில்தான் கூப்பிடுகிறார். இதெல்லாம் நல்ல சேதி. ஆனால் போன செவ்வாய்க்கிழமை நான் கேட்டதை எப்படி எழுதுவது?

ஒரு மடக்குக் குடித்தால், சொன்ன மலையின் காப்பிக்கொட்டைதானா என்று சொல்லிவிடுவீர்கள் என்பது ஊரறிந்த விஷயம். மற்றவர்கள் நாலு இடத்துக் கொட்டையைக் கலந்து அரைத்தபோது, நீங்கள் தாண்டிக்குடிக்கு ஒரு டின், குடகுக்கு ஒரு டின், ஏற்காட்டுக்கு ஒரு டின் என்று தனித்தனியாக விற்றீர்கள். “வெளாத்திகுளத்து வத்தலும் வேற ஊரு வத்தலும் ஒண்ணாவா உறைக்கி? காப்பிக்கும் மண்ணு உண்டும்லா” என்பீர்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளும் பள்ளிக்கூட வாத்தியார்களும் உங்கள் நாக்கை நம்பித்தான் வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தரகர் தாண்டிக்குடிக் கொட்டை என்று மாதிரி கொண்டுவந்தார். வறுத்து அரைத்துக் கொடுத்தேன். வழக்கம்போல அம்மா கடைக்குப் பின்னாலிருக்கும் அடுப்படியில் பால் சேர்க்காமல் கடுங்காப்பி போட்டு, தம்ளரில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“ஆறிட்டு. சீக்கிரம் குடி.”

தம்ளரைத் தொட்டேன், விரல் சுட்டது. “ஏம்மா, கை பொசுக்குது. ஆறிட்டுன்னு சொல்லுத?”

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் வெளிறிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரகர் பக்கம் திரும்பினாள்.

“இது முழுசும் தாண்டிக்குடி இல்ல, அண்ணாச்சி.”

“என்ன மதினி சொல்லுதிய?”

“மேமலைக் கொட்டை குளுருல, மர நெழல்ல மெதுவாப் பழுக்கும். குடிச்ச பொறவு ஆரஞ்சுத் தோலைக் கடிச்சாப்புல ஒரு புளிப்பு நிக்கும். இதுல அது பாதிதான் இருக்கு. மிச்சம் வெயில் காயுத கீழ்க்காட்டுல வெரசாப் பழுத்தது. வெறுங் கசப்பு.”

தரகர் தலையைக் குனிந்தார். “மேல வெளச்சல் கொறவு மதினி. அண்ணாச்சிதான் இல்லியேன்னு...” முடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அம்மாவையே பார்த்தேன். “உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஒங்க அப்பாவுக்கு வாசம் தெரியாதுட்டி. இடைசெவல் ரோட்டுல ஸ்கூட்டர் சறுக்கி மண்டையில அடிபட்டாவல்லா, அன்னையிலேர்ந்து ஒரு வாசமும் தெரியாது. கசப்பு, இனிப்பு, அதோட சரி. நாந்தான் உள்ள குடிச்சுப் பாப்பேன். ‘சூடா இருக்கு, பாத்து’ன்னா நல்ல சரக்கு. ‘ஆறிட்டு’ன்னா வேண்டாம். பழக்கதோசம், ஒங்கிட்டயும் வாயில வந்துட்டு.”

அப்பா, அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. இப்போது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது. இத்தனை வருடமுமா? நான் குழம்பு வைத்தால் வாசலிலேயே “மணக்குது தாயி” என்பீர்களே, அது? என் மகள் பிறந்த அன்று அவளை முகத்தோடு சேர்த்துவைத்து, “பால் வாசம்” என்று கண்கலங்கினீர்களே, அதுவுமா?

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?” என்று அம்மாவிடம் கத்தினேன்.

“சொல்லிருவோம், சொல்லிருவோம்னு அவிய எத்தனை தடவை கெஞ்சுனாவ தெரியுமா? நாந்தான் விடல. மூக்கு செத்த மனுசன் காப்பி விக்கான்னு யாரும் அவியளச் சிரிச்சிரக் கூடாது.”

பிறகு அவளே சொன்னாள்: “மலைக்குப் போயிட்டு வந்து ஒண்ணொண்ணாச் சொல்லுவாவ. எவ்வளவு ஒசரம், என்ன மரத்து நெழல், மழை எப்பம் விழுந்துது. அதைக் கேட்டுக்கிட்டே குடிச்சுக் குடிச்சுத்தான் எனக்குப் பிடிபட்டுது.”

மறுநாள், வழக்கமாக வாங்கும் வாத்தியார் ஒருவர் வந்தார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். “அப்பம் இத்தன வருசமா மதினி நாக்குல தேறுன காப்பியத்தான் குடிச்சிருக்கேன். எனக்கு எப்பவும்போல அரைக் கிலோ போடும்மா” என்றார். அன்றிலிருந்து அம்மா முன்னால், என் பக்கத்தில்தான் உட்காருகிறாள்.

நேற்று சும்மா கேட்டேன், “எல்லா மலையிலயும் ஒனக்கு எந்த மலைம்மா பிடிக்கும்?”

“நான் எந்த மலையைக் கண்டேன்? கழுகுமலையத் தவிர ஒரு மலையும் ஏறுனதில்லையேட்டி.”

அப்பா, செவ்வாய்க்கிழமை கேட்டதைவிட இதுதான் என்னை உலுக்கிவிட்டது. நீங்கள் கூட்டிப்போகவில்லை. நானும் ஒருநாள்கூட நினைக்கவில்லை.

கோடை மழை விழுந்ததும் காப்பிச் செடி பூத்து மலையே மணக்குமாமே. அப்போது கடையைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தாண்டிக்குடிக்குக் கூட்டிப்போவேன். பூத்துக் கிடக்கும் செடிகளுக்கு நடுவில் அவளை நிறுத்துவேன். அவள் போதும் என்று சொல்லும்வரை நான் மலையைவிட்டு இறங்கமாட்டேன். இது சத்தியம்.

கோபம் இன்னும் ஆறாத உங்கள் மூத்த மகள்,
செண்பகம்