சம்மனோடு ஒரு படம்

ஆவணி 12, செவ்வாய்

கோர்ட் சம்மன் கொடுக்கும் இந்த அமீனா வேலையில் முன்பெல்லாம் கையெழுத்து வாங்கினால் போதும். முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிடலாம். இப்போது வாங்குகிறவரைச் சம்மனும் கையுமாக நிற்கவைத்து, இடமும் நேரமும் பதிகிற மாதிரி செல்போனில் படம் எடுக்க வேண்டும்.

இன்று மல்லசமுத்திரத்தில் ஒரு பெண்ணுக்கு விவாகரத்துச் சம்மன். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன கணவன், திரும்பி வராமலே வழக்குப் போட்டிருக்கிறான். அவள் நின்றபடியே படித்தாள். அழவில்லை. படம் எடுக்க வேண்டும் என்றேன்.

"ஏனுங்க, இந்தப் போட்டோவ அவரு பாப்பாருங்களா?"

"பாப்பாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப சித்த இருங்க, வாரேன்."

உள்ளே போய் முகம் கழுவி, பச்சைப் பட்டுச்சேலை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். சம்மனை நெஞ்சோடு பிடித்துச் சிரித்தாள்.

"படம் நல்லா உழுந்திருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க."

ஆபீசில் படத்தை ஏற்றிவிட்டேன். 'கொடுத்தாயிற்று' என்று பதிவானதோடு சரி, அதை இனி யாரும் திறக்கப்போவதில்லை. அவனுக்கு அது போகாது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அவனுக்காகத்தான் அந்தப் பட்டுச்சேலையைக் கட்டினாள். பார்த்தவன் நான் ஒருவன்தான்.