வண்டிக் கதவுக்கும் இஞ்சினுக்கும் நடுவே

மார்ச் 3. காலையில் பனி, மதியத்துக்கு மேல் வெயில்.

கூரைப் பனியைத் தள்ளி முடிக்கப் பதினொரு மணி ஆகிவிட்டது. உள்ளே வந்தால், என் மனைவி தோஷியே அடுப்பு மேலிருந்த கெண்டியைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருக்கிறாள். "நல்லா இரு" என்று அதற்கு வாழ்த்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இப்படித்தான். கெண்டிக்கு, குளியல் வெந்நீருக்கு, மெல்லாமல் விழுங்க முடிகிற டோஃபுவுக்கு, மருந்துப் பொட்டலம் கொண்டுவரும் தபால்காரருக்கு – எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும். கடைசியில் மிச்சமிருக்கிற ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, "நீங்களும் நல்லா இருக்கணும்" என்றாள்.

கஞ்சியைக் கிண்டுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 11. மேகமூட்டம்.

விறகுக் கொட்டகையில் இருந்தபோது மணிச் சத்தம் கேட்டது. பகல் இரண்டு மணி. கரடிக்குக் கேட்கட்டும் என்று காட்டுக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற பித்தளை மணி. என்னுடையதை ஆற்றில் எறிந்து எட்டு மாதம் ஆகிறது. இருந்தும் அதே மணிதான். அதே ஓட்டத்தில் குலுங்குகிற சத்தம்.

விறகை அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 20.

ஊர்த் தலைவர் ஒய்காவா வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மே மாதம் கரடிப் பாதுகாப்புக் கூட்டமாம், நான்தான் பேச வேண்டுமாம். "வேற யாருண்ணே பேசறது? பொண்டாட்டி மேல விழுந்த கரடியைக் கூடையைத் தட்டியே விரட்டினவர் நம்ம ஊர்ல நீங்க ஒருத்தர்தானே" என்றார். ஒரு போஸ்டரும் அடிக்கப் போகிறார்களாம்.

தோஷியே தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.  என் கோப்பையை அப்படியே ஆறவிட்டேன்.

ஏப்ரல் 2. பனி உருகுகிறது. ஓடையில் நல்ல இரைச்சல்.

மரக் கூட்டுறவு லாரி ஓட்டி, முப்பத்தாறு வருஷம் தினக்குறிப்பு எழுதியவன் நான். பஞ்சர் என்றால் பஞ்சர் என்று எழுதினேன், தூங்கிவிட்டேன் என்றால் தூங்கிவிட்டேன் என்று எழுதினேன். இதையும் எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

போன வருஷம் ஜூன் ஒன்பது. மூங்கில் குருத்து பறிக்கப் போனோம். புதருக்குள் அவள் எனக்கு இருபது அடி முன்னால். முதலில் வாடை வந்தது, நனைந்த நாயின் வாடை மாதிரி. பிறகு அவள் குரல். "என்னங்—" என்று பாதியில் நின்றது. அவள் மேல் கறுப்பாக ஒன்று இருந்தது.

நான் கூடையைத் தட்டவில்லை. கத்தவும் இல்லை. ஓடினேன். இடுப்பில் மணி குலுங்கக் குலுங்க ஓடினேன். ஐம்பது அடி தாண்டினால் காட்டுப் பாதை, அங்கே எங்கள் சின்ன லாரி. ஏறிக் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டேன். சாவி கையிலேயே இருந்தது. போடவில்லை. வண்டிக் கடிகாரம் எட்டு ஐம்பது காட்டியது. சாவியைத் திருப்பும்போது ஒன்பது ஐந்து. அந்தப் பதினைந்து நிமிஷம் நான் என்ன செய்தேன்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

ஊருக்குள் போய் ஒய்காவாவையும் துப்பாக்கிக்காரர்களையும் கூட்டிவந்தபோது, அவள் தானாகவே ஊர்ந்து பாதை ஓரத்துக்கு வந்து கிடந்தாள். இடது கண்ணும் கன்னமும் இல்லை. "கரடி எப்படிப் போச்சு?" என்று யாரோ கேட்டார்கள். கூடையைத் தட்டி விரட்டினேன் என்று வாய் சொல்லிவிட்டது. நானா சொன்னேன்? வாய்தான் சொன்னது. பிறகு ஊரே அதைச் சொல்ல ஆரம்பித்தது.

ஏப்ரல் 3.

நேற்று எழுதியதைக் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை.

மே 17. நல்ல வெயில்.

கூட்டம் முடிந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று காலையில் காய்ச்சல் பார்த்தேன், காய்ச்சல்கூட இல்லை. மேடையில் ஒரு கூடையும் கட்டையும் வைத்திருந்தார்கள். தட்டிக் காட்டச் சொன்னார் ஒய்காவா. தட்டினேன். "இன்னும் சத்தமா" என்றார்கள். இன்னும் சத்தமாகத் தட்டினேன். கைதட்டினார்கள்.

தோஷியே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைதட்டவில்லை. காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். திரும்பி வரும் வழியில், பாதை காய்ந்திருப்பதற்காகப் பாதையை வாழ்த்தினாள். வீட்டு வாசலில் கதவை வாழ்த்தினாள். என்னை இல்லை.

மே 29.

பன்னிரண்டு நாளாக எனக்கு வாழ்த்து இல்லை. மற்றபடி எல்லாம் எப்போதும் போல. அவளுக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்? நினைவு தப்பிக் கிடந்தாள் என்று டாக்டர் சொன்னாரே.

ஜூன் 9.

ஒரு வருஷம். மணிச் சத்தம் நாள் முழுக்க.

ஜூன் 12. மழை.

மிசாவோவின் கை ஒடிந்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள், வாய்த் துடுக்குக்காரி, அறுபத்தைந்து வயதிலும் காட்டுக்குத் தனியாகப் போவாள். குருத்து பறிக்கப் போன இடத்தில் கரடியைப் பார்த்திருக்கிறாள். ஓசைப்படாமல் பின்வாங்கி வந்திருக்கலாம். பின்வாங்காமல் தகர வாளியைத் தட்டிக்கொண்டு அதன் மேலேயே போயிருக்கிறாள். அது பாய்ந்து வந்தது. ஓடைச் சரிவில் உருண்டு விழுந்ததால் பிழைத்தாள்.

போய்ப் பார்த்தேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு. சிரிக்கிறாள். "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் தட்டினேன் அண்ணே. அந்தக் கரடி மட்டும் கூட்டத்துக்கு வரல போல."

என்னால் சிரிக்க முடியவில்லை. வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். செத்திருந்தால்? என் பொய்யை நம்பிச் செத்திருந்தால்?

ஜூன் 13. மழை விடவில்லை.

சொல்லிவிட்டேன்.

சமையலறையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். கூடையைத் தட்டவில்லை என்றேன். ஓடினேன் என்றேன். வண்டியில் ஏறினேன் என்பதோடு நின்றுவிட்டேன்.

மீதியை அவளே சொன்னாள். "மணி தூரமாப் போனது கேட்டுச்சு. கதவு சாத்தின சத்தமும் கேட்டுச்சு. அப்புறம் இஞ்சின் சத்தம் வரும் வரும்னு காத்துக்கிட்டே கிடந்தேன். ரொம்ப நேரம் வரவே இல்ல."

நார் உரிப்பதை நிறுத்தவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது.

தெரிந்துமா இத்தனை மாதம் என்னை நல்லா இருக்கணும்னு சொன்னாய் என்று கேட்டேன்.

"அது கஞ்சிக்கு. நாப்பது நாள் ஸ்பூன்ல ஊட்டினீங்களே, அதுக்கு. கட்டு மாத்தும்போது முகத்தைத் திருப்பிக்காம மாத்தினீங்களே, அதுக்கு. அதெல்லாம் நெசம்தானே? நெசத்துக்குச் சொல்லணும். அந்தக் காலையில நடந்தது வேற. அதை நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல."

 பிறகு, என்னிடம் சொல்கிறாளா அவரைக்காயிடம் சொல்கிறாளா தெரியவில்லை, மெதுவாகச் சொன்னாள். அங்கே கிடந்தபோது வீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாளாம். கெண்டி, குளியல் தொட்டி, ஜன்னலோரம் இருக்கும் தையல் மெஷின். இதையெல்லாம் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஊர்ந்து வந்தாளாம். பார்த்துவிட்டாளாம். அதனால்தான் வாழ்த்துகிறாளாம்.

அந்த வரிசையில் நான் இருந்தேனா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

எழுந்து போகும்போது சொன்னாள்: "கூட்டத்துல கூடையைத் தட்டிக் காட்டினீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

ஜூன் 14.

அவள் தையல் அறையில் படுக்கை விரித்துக்கொண்டாள். 

ஜூலை 5. புழுக்கம்.

ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றேன். முதலில் ஓடை மதகு பற்றிப் பேசினார்கள், பிறகு கோயில் கூரை பற்றி. அதெல்லாம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன். ஓடியதை, பூட்டிக்கொண்டதை, பதினைந்து நிமிஷத்தை. கரடியைப் பார்த்தால் யாரும் எதையும் தட்டாதீர்கள், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கி வாருங்கள், என் பேச்சை நம்பாதீர்கள் என்றேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், ஆனால் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

 ஒய்காவா எழுந்து போய்ச் சுவரில் இருந்த கரடிக் கூட்டப் போஸ்டரை நான்கு மூலையிலும் ஊசியைக் கழற்றி எடுத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். கோபமாகக் கிழித்திருந்தால் தேவலை.

ஜூலை 19.

வழக்கமாக இந்தக் காலத்தில் வாசலில் யார் வைத்தது என்றே தெரியாமல் வெள்ளரிக்காய் குவிந்து கிடக்கும், தின்று தீராது. இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. வெறும் வாசலைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது, இத்தனை வருஷம் எத்தனை பேர் குனிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரிடமாவது நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனா? வெள்ளரிக்காய் ஜாஸ்தி என்று அலுத்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது.

ஜூலை 30.

தோஷியே மட்டும் மூன்று பேர் வீட்டுக்கு அழைக்கப்பட்டாள். போனாள். திரும்பி வந்து என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. ஒரு கிண்ணம் கத்திரிக்காய் வதக்கல் கொண்டுவந்து என் பக்கம் தள்ளினாள்.

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10. வெயில் கொளுத்துகிறது.

இறந்த முன்னோர் வீட்டுக்கு வரும் திருநாட்களுக்கு முன் கல்லறைப் பாதையில் புல் வெட்ட வேண்டும். வீட்டுக்கு ஒருவர். போவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றேன். தோஷியே அரிவாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

போனால், எல்லாரும் குனிந்து வேலை செய்கிறார்கள், எனக்கு மட்டும் இடம் விட்டு ஒதுங்கி. நான் ஓரமாக வெட்ட ஆரம்பித்தேன். அரை மணி போயிருக்கும். மாவுக்கட்டு பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்த மிசாவோ, ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "ஏன் அண்ணே, கரடியைக் கண்டு ஓடறதுக்கு முழங்கால் நல்லாத்தானே இருந்துது? வருஷா வருஷம் புல் வெட்ட வந்தா மட்டும் வலிக்கும்பீங்களே. இன்னைக்கு அந்த மேட்டுப் பக்கமும் நீங்கதான்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். ஒய்காவா சிரிக்கவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் உருட்டிவிட்டார்.

மேட்டுப் பக்கம் முழுக்க நான்தான் வெட்டினேன். கண் எரிந்தது. வியர்வை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி ஒருவர் என்னை ஏச மாட்டாரா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்று ஏசிய பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 22.

மணிச் சத்தம் நிற்கவில்லை. இன்று காளான் பிரிக்கும்போது கேட்டது. இப்போதெல்லாம் ஓடி வந்துவிடுவதில்லை, அதோடு உட்கார்ந்திருக்கிறேன். அது குலுங்கிக் குலுங்கி ஓய்ந்ததும் மீதிக் காளானைப் பிரித்தேன்.

அக்டோபர் 15.

என் வாயும் பழகிக்கொண்டுவிட்டது. குளித்துவிட்டு வெளியே வரும்போது தண்ணீரைப் பார்த்து, நல்லா இரு என்று சொன்னேன். யாரும் பக்கத்தில் இல்லைதானே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கேலிக்கூத்து. ஆனால் சொல்லாமல் வர முடியவில்லை.

தையல் அறைக் கதவு இன்னும் இரவில் சாத்தித்தான் இருக்கிறது.

நவம்பர் 8. தெளிவான வானம், நல்ல குளிர்.

பழ வாடைக்குக் கரடி ஊருக்குள் வருகிறது, தக்காளி போலப் பழுத்திருக்கும் காக்கி மரத்தில் ஒரு பழம்கூட விடாமல் பறித்துவிடுங்கள் என்று ஒய்காவா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். என்னிடமே சொன்னார்.

பின்பக்க மரத்தில் நான் ஏறுகிறேன் என்றேன். உங்கள் கனத்துக்குக் கிளை தாங்காது, ஏணியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள் தோஷியே. ஒரு கண்ணோடு ஏணி ஏறுவது லேசில்லை, படி எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது, காலால் துழாவித் துழாவித்தான் வைக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான்காவது படியில் நின்றுவிட்டாள். உச்சியில் ஏழெட்டுப் பழம் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தாள். பழத்தை இல்லை, தரையை இல்லை. என்னை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

நான் அங்கேதான் இருந்தேன்.

அவள் அடுத்த படிக்குக் காலைத் தூக்கினாள்.