அடிக்கப்பட்ட ஒரு வரி

தலைநகர், மார்ச் 3

அன்புத் தங்கை லுசுங்குவுக்கு,

உன்னைப் பார்க்க விடவில்லை. சோப்பும் மண்டாசிப் பணியாரமும் உன் வக்கீலம்மா தம்புலாசியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் கொண்டுவரும் கடிதத்தைக் காவலர்கள் பிரிக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு எனிஃபாவுக்கு அடையாள அட்டை இல்லையென்றால் உன் பெயரில் சிம் வாங்கிக் கொடுத்துவிடுவதா? ஊரே அப்படித்தான் செய்கிறது, தெரியும். அதிகாரிகள் காலரா சாவை மறைக்கிறார்கள் என்று அவள் அந்த சிம்மிலிருந்து பேசிப் பதிவுசெய்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் நீ கம்பி எண்ணுகிறாய். குரல் யாருடையது என்று சொல்லிவிடு, அம்மாடி.

உன் அண்ணன்,
லிம்பானி

பெண்கள் சிறை, மார்ச் 11

அன்பு அண்ணா,

நலம். மூட்டைப்பூச்சிகளும் நலம்.

எனிஃபாவே ஸ்டேஷனுக்குப் போய், "பேசினது நாந்தாங்கய்யா, நர்சம்மாவ விட்டுடுங்க" என்று அழுதாளாம். "உன் பேர்ல சிம்மே இல்ல, போம்மா" என்று விரட்டிவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா? காலரா பற்றி அவள் சொன்னதிலும் பொய்யில்லை. வார்டில் செத்த குழந்தைகளைத் துடைத்தவள் நான்.

வரைவுக் குழு ஒப்புக்கொண்ட சட்டத்தில், நீதிபதி உத்தரவில்லாமல் போலீஸ் யாருடைய சிம் விவரத்தையும் வாங்கக் கூடாது என்று ஒரு வரி இருந்ததாம். அச்சில் அது இல்லை. குழு கையெழுத்திட்ட தாள் கிடைத்தால், போலீஸ் என் சிம் விவரத்தை வாங்கியதே செல்லாது, வழக்கே நிற்காது என்கிறார் வக்கீலம்மா. நீ அந்தச் சட்ட வரைவு அலுவலகத்தில்தானே வேலை பார்க்கிறாய், தேடிப் பார். அந்த வரியை அடித்தவன் நல்லா இருப்பானா? வயிறு எரிகிறது.

லுசுங்கு

தலைநகர், மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

தேடினேன். கிடைக்கவில்லை. நீ இளைத்துவிட்டாய் என்றார் வக்கீலம்மா. எனக்கும் சீமாக் களி தின்னப் பிடிக்கவில்லை.

அண்ணன்

தலைநகர், ஏப்ரல் 21

லுசுங்கு,

பொய் சொன்னேன். தாள் என் இழுப்பறையில்தான் இருந்தது. வரியை அடித்தவன் நான்.

குழு கையெழுத்திட்ட பிறகு எங்கள் அலுவலக இயக்குநர் கூப்பிட்டார். "நீதிபதி எழுந்து பல் தேய்க்கறதுக்குள்ள திருடன் ஓடிருவான். அத எடுத்துருப்பா." எடுத்தேன். திருடனை மட்டும்தான் நினைத்தேன். ஒரு சிம்மில் நாலு பேர் பேசும் நம் ஊர் நினைவுக்கே வரவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான்! வெட்கமாக இருக்கிறது.

இன்று தாளை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சாட்சியும் சொல்வேன். வேலை போனால் போகட்டும். நீ வெளியே வரும் நாளில் சிறை வாசலில் நிற்பேன். திட்டு, அடி, வாங்கிக்கொள்கிறேன்.

லிம்பானி

மே 6

அண்ணா,

நேற்றே விட்டுவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வக்கீலம்மாவைக் கேட்டுக்கொண்டது நான்தான்.

இன்று எனிஃபாவுக்கு மறுபடியும் என் பெயரில் சிம் வாங்கினேன். "பட்டும் புத்தி வரலியாக்கா?" என்றான் கடைக்காரன். வரவில்லை.

சாட்சிக் கூண்டில் நின்று "அடித்தவன் நான்" என்று நீ சொன்னபோது அழுதேன். வரியை அடித்தபோது அது என் தலையில் விழும் என்று உனக்குத் தெரியாது. அதை மன்னித்துவிட்டேன். ஆனால் "கிடைக்கவில்லை" என்று எழுதியபோது, நான் எங்கே படுத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். நீ உண்மையைச் சொல்லும்வரை இன்னும் முப்பத்தாறு நாள் அங்கேயே கிடந்தேன்.

கொஞ்ச காலம் கடிதம் போடாதே. கோபம் தீர்ந்ததும் நானே எழுதுகிறேன். தீருமா என்று தெரியவில்லை, அண்ணா.

லுசுங்கு