ஆறு கோழிக்கு நான் கொடுத்த விலை

கல்மண்டபத்திலிருந்து கருவாட்டுத் தூள் வாங்கிவந்து, கோழிகளுக்குத் தவிட்டோடு பிசைந்துகொண்டிருக்கிறேன். இந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. செத்துப்போன சிநேகிதியோடு என்ன சண்டை என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு இருக்கிறது சண்டை.

காலையில் ஒருத்தி கோழி கேட்டு வந்தாள். நானும் இப்போது உன்னைப்போலத்தான், குஞ்சு வாங்கி வளர்த்து, முட்டைக்கு வந்ததும் விற்கிறேன். ஐந்நூறு என்றேன். "கறிக்கடைல எர்நூறுக்கு உரிச்சே குடுக்கறான், நீ இன்னாமே ஐந்நூறுன்ற?" என்றாள். உன் வாசலில் நின்று நான் சொன்ன அதே வார்த்தை. வேறு இடம் பார்த்துக்கொள் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

உனக்கு விலை வைக்கத் தெரியாது என்றுதான் திருவொற்றியூரில் உன் தெருவே நினைத்தது. எனக்குத் தெரியும், உன்னைவிடச் சரியாக யாரும் வைத்ததில்லை. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாலுக்குக் கீழே, இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் விரலை வைத்துப் பார்ப்பாய். மூன்று விரல் பிடித்தால் அது முட்டை விடுகிற கோழி. "கறிக்குன்னா எடை போட்டு வாங்கு. இது இன்னும் ஒரு வர்சம் முட்ட வுடும், அதுக்குத்தான் துட்டு" என்பாய்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மாட்டாய். "இது தன் முட்டைய தானே கொத்தும், நூறு கொறச்சிக்கோ." "கருவாடு துன்ற கோயி, கொஞ்ச நாளைக்கு முட்டைல கவிச்ச அடிக்கும்." உன்னை யாராவது கேட்டார்களா? நீ ஒரு குறை சொன்னால் வந்தவன் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் நூறு இறக்குவான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் போனபிறகு வாய்க்கு வந்தபடி திட்டுவேன். நீ சிரித்துக்கொண்டே தீனி வைக்கப் போய்விடுவாய்.

பிறகு நானே ஆறு கோழி கேட்டேன். சிநேகிதி என்று கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, ஐந்நூறுதான் என்றாய். "எடம் மாறினா கொஞ்ச நாள் முட்ட நிக்கும்மே, பொறுத்துக்கோ" என்று சொல்லித்தான் கூடையில் வைத்தாய். விற்கிறவர்கள் சொல்கிற பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். தன் கோழியின் குறையை எல்லாம் தானே சொல்கிறவள் இதில் மட்டும் பொய் சொல்வாளா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

பத்து நாளும் கூண்டில் ஒரு முட்டை இல்லை. தீனியை மட்டும் வாரி வாரித் தின்றன. பதினோராம் நாள் உன் தெருவுக்கு வந்தேன். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"கெயட்டுக் கோயிய என் தலைல கட்டிட்டியேமே. தோஸ்துன்னு நம்பி வந்தேன் பாரு."

"இன்னும் ஒரு வாரம் பாரேன்மே."

"ஒரு வாரம் தீனி நீயா போடுவ? கறிக்கடைல எர்நூறுக்கு உரிச்சே குடுக்கறான்."

"அப்ப திருப்பிக் குட்த்துடு. உன் துட்ட வாங்கிக்கோ."

"தூக்கினு அலைய என்னால முடியாது. கறி வெலைய எட்த்துக்கினு மீதியக் குடு."

நீ உள்ளே போய், கோழிக்கு முந்நூறு வீதம் எடுத்துவந்து என் கையில் வைத்தாய்.

ஏன் கொடுத்தாய்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? வாங்குகிறவனுக்கு நஷ்டம் வரக்கூடாது என்று கேட்காததை எல்லாம் சொல்கிற உனக்கு, உன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லையா? "போடி, நான் வச்சதுதான் வெல" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் அடங்கியிருப்பேன். இல்லை, அடங்கியிருக்க மாட்டேன். ஆனாலும் நீ கத்தியிருக்க வேண்டும்.

குழாயடி சும்மா இருக்குமா? உன் கோழி முட்டை விடாது என்று நாலு தெருவுக்குப் பேச்சு போனது. பிறகு உன்னிடம் வாங்க ஒருவரும் வரவில்லை. மிச்சமிருந்ததை எல்லாம் டோல்கேட் கறிக்கடைக்காரன் எடைபோட்டுத் தூக்கிப்போனான். அத்தனையும் முட்டை விட்டுக்கொண்டிருந்த கோழிகள்.

என் வீட்டில் இருந்தவையும் முட்டைக்கு வந்தன. அதைச் சொல்ல ஒரு போன் போதும். எனக்கு வெட்கம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். உன் காதுக்குப் போகாமல் இருக்க, முட்டையை எண்ணூர் வரை கொண்டுபோய் விற்றேன். த்தூ, என்ன பெண் நான்! அதற்குள் நீ படுத்துவிட்டாய். உன் மகள் மீஞ்சூருக்குக் கூட்டிப்போனாள். நீ போய்விட்டாய் என்ற செய்திதான் அங்கிருந்து வந்தது.

காரியம் முடிந்தபிறகு உன் மகளைப் பார்க்கப் போனேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாயைக் கவரில் போட்டு நீட்டினேன்.

"இன்னா ஆன்ட்டி இது?"

"கோயி வெல. உங்கம்மாவாண்ட நான் கொறச்சி வாங்கினது."

அவள் கையை நீட்டவில்லை. "அம்மா துட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி. அந்தக் கோயிங்க முட்ட வுட்டுச்சா, வுட்டுச்சான்னுதான் கேட்டுகினே இருந்துச்சு. தப்பா பாத்து உங்களுக்கு வித்துட்டனோன்னு பொலம்பிச்சு. உங்களுக்குப் போன் போடட்டான்னேன். வாணாம், வுட்டிருந்தா அவளே சொல்லுவான்னுச்சு."

அந்தக் கவரோடு திரும்பி ரயிலேறினேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

நீ சொன்ன மாதிரியே இப்போது நானும் எல்லாக் குறையும் சொல்லித்தான் விற்கிறேன். வாங்கிப்போனவர்களுக்குப் பதினைந்து நாள் கழித்துப் போன் போட்டு, முட்டை விட்டதா என்று கேட்கிறேன். விலையை மட்டும் இறக்குவதில்லை. இதனால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும்.

உன் மேல் கோபம் கோபம் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அது யார் மேல் என்று உனக்குத் தெரியாதா? நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் வாங்கிப்போன பதினாறாம் நாள் காலையில், கழுத்தில் வெள்ளை விழுந்திருந்ததே, அந்தக் கோழி முதலில் முட்டை விட்டது. அடுத்த வாரத்துக்குள் ஆறும் விட்டன. நீ தப்பாகப் பார்க்கவில்லை. நீ வைத்த ஐந்நூறு சரியான விலை.