பம்ப் இல்லாமல் ஓடிய துளி

சனிக்கிழமை, மதியம்

அன்புள்ள என் பம்ப் மெக்கானிக்குக்கு,

நானும் நம் மகளும் நலம். உங்கள் முதுகுவலி மட்டும் நலமில்லாமல் போகட்டும். அந்த வாலுப்பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "ஸ்கூல்" என்று சொன்னால் விசில் அடிக்கிறது. அதற்காகவே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறாள்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் "ம்" என்ற ஒன்றைத் தவிர உங்கள் வாயிலிருந்து எதுவும் வராது. போன வாரம் அபூர்வமாக நாலு வார்த்தை பேசினீர்கள். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலையில் இருக்கச் சொல்லிக் கம்பெனியில் காகிதம் கொடுத்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். "உங்க இஷ்டம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது, சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் செய்த கண்ணாடிச் சில்லு வேலை செய்துவிட்டது! காய்ச்சல் கண்ட குழந்தையை ஊசியால் குத்தாமல், ஒரு சொட்டு எச்சிலை வைத்தே என்ன காய்ச்சல் என்று சொல்லிவிடும்.

சில்லுக்குள் இருக்கும் பாதை தலைமுடியைவிட மெல்லியது. பம்ப் வைத்துத் தள்ளினால் ஒட்டு பிய்ந்துகொள்ளும். அதனால்தான் இரண்டு முனையிலும் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கிறோம். சுவரை ஒட்டியிருக்கும் திரவம் முதலில் நகர்ந்து, நடுவில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். உப்புத்தண்ணீர் சொன்ன பேச்சு கேட்டது. மின்சாரத்தை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்கு. எச்சில் அப்படி இல்லை. கொஞ்சமாகக் கொடுத்தபோது ஆமையாக ஊர்ந்தது. தண்ணீர்க் கணக்கை வைத்து மூன்று மடங்கு கூட்டினேன். கேமராவில் ஒன்றுமே தெரியவில்லை; துளி நகரவே இல்லை என்று நினைத்தேன்.

வேறு சில்லு, வேறு சொட்டு. அப்போதும் ஒன்றுமில்லை. இரண்டு நாள் ஆபீஸே துப்பியது. எங்கள் தலைவர்கூட கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மரியாதையாகத் திரும்பி நின்று துப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமை டாக்டர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஓடாவிட்டால் எங்கள் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

புதன்கிழமை சாயங்காலம் சில்லு செய்கிற கண்ணாடிக்காரி அவற்றைக் கழுவ எடுத்தாள். "அக்கா, நகரவே இல்லைன்னு சொன்னீங்க, பாதை முடியற குழி நிறைய எச்சில் நிக்குதே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேமரா படம் பிடிப்பதற்குள் அது அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறது! எச்சில் சும்மா இருந்தால் கெட்டியாக இருக்கும், விரட்டினால் இளகும். சுவரோரம் இழுக்க இழுக்க அங்கே இளகி, நினைத்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடிவிடும். இத்தனை வருடம் படித்தது இதைத்தான். கணக்குப் போடும்போது மட்டும் தண்ணீர்ப் புத்தி. யானைக்கும் அடி சறுக்கும். நான் யானையா என்று சிரிக்காதீர்கள், எடை கூடித்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தேன். துளி நிதானமாக நடந்து வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, என்ன காய்ச்சல் என்று காட்டும் நீலமாக மாறியது. வயதான டாக்டர் ஒருவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து, "மோட்டாரை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். நீங்களும் இதையேதானே கேட்டீர்கள்? பஸ் ஏறும்போது, "பம்ப் இல்லாம ஓட வச்சுக் காட்டு, அன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டு வந்துடறேன்" என்று சொன்னது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

இன்னொரு விஷயம். நேற்று வாலு உங்கள் கருவிப்பெட்டியை ஹாலில் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு ஸ்பேனராக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பா போனில் சொன்னார் என்கிறாள். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னீர்களாமே? முன்பல்லே இல்லாத வாயில் ரகசியம் எப்படி நிற்கும்?

இரண்டு வருடம் கழித்து வருகிற ஆளுக்கு இப்போது எதற்குத் துடைத்த ஸ்பேனர்? அந்தத் துளியைப் போல, நகரவே இல்லை என்று நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்களா?

"உங்க இஷ்டம்" என்றது பொய். நீங்கள் வருவதுதான் என் இஷ்டம். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் கடிதமெல்லாம் வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்து "ம்" என்று மட்டும் சொல்லுங்கள். இந்தத் தடவை அதுவே எனக்குப் போதும்.

பந்தயத்தில் ஜெயித்த,
உங்கள் மனைவி

பி.கு.: சமையலறைக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன். வேறு யாரையும் கூப்பிடவில்லை.